செட்டிநாட்டுக்குப் புதிதாக வரும் போதகருக்கு: சபையையும் ஊரையும் சேர்த்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் பக்கம் ஒரு சிறிய சபைக்கு மாற்றலாகி வந்திருக்கிறீர்கள். நாற்பது குடும்பம், ஞாயிறு ஆராதனைக்கு நூறு பேர் வருகிற சபை என்று வைத்துக்கொள்வோம். வந்த சில வாரங்களிலேயே இரண்டு குறை காதில் விழும். "ஐயா வீட்டுப் பக்கம் எட்டியே பார்க்கிறதில்லை" என்பது ஒன்று. "இவ்வளவு வருஷமா இருக்கிற சபை, ஊருக்குன்னு என்ன செஞ்சிருக்கு?" என்பது இன்னொன்று. இரண்டிலும் நியாயம் உண்டு. இரண்டுக்கும் ஒரே வாரத்தில் பதில் சொல்லக் கிளம்பும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

கீழே உள்ளவை போதகருக்கும் கமிட்டிக்கும் சேர்த்து எழுதியவை. கத்தோலிக்கப் பங்குகளில் பங்குப்பேரவை, அன்பியம், வின்சென்ட் தே பவுல் சபை என்று அமைப்பு வேறு. ஆனால் கணக்கு, காகித வேலை, பிள்ளைகள் பாதுகாப்பு பற்றிச் சொல்வது எல்லோருக்கும் பொருந்தும்.

1. முதல் 90 நாள்: எதையும் தொடங்காதீர்கள்

புது ஆள் வந்ததும் ஏதாவது செய்துகாட்ட வேண்டும் என்ற துடிப்பு வரும். அடக்கிக்கொள்ளுங்கள். இந்த மூன்று மாதத்துக்கு வேண்டியது ஒரு நீள நோட்டும் ஒரு இருசக்கர வாகனமும்தான்.

நோட்டில் குடும்பத்துக்கு ஒரு பக்கம். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமண விவரம் எல்லாம் பழைய பதிவேட்டிலேயே இருக்கும். அதில் இல்லாதவற்றைக் கேட்டு எழுதுங்கள்: தனியாக இருக்கும் முதியவர் யார், பிள்ளைகள் எந்த ஊரில் அல்லது எந்த நாட்டில், ரத்த வகை, தொடர் மருந்து, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. கூடவே, அந்த வீட்டில் செவிலியர், ஆசிரியர், கணக்கர், ஓட்டுநர், சமையல் தெரிந்தவர் யாராவது உண்டா என்றும் குறியுங்கள். வெளி வேலைக்கு, அதாவது ஊருக்கான சேவைக்கு, ஆள் தேடும்போது இந்தக் கடைசி வரிதான் கைகொடுக்கும்.

சந்திப்புக்கு ஒரு எளிய கணக்கு. ஒரு வீட்டுக்கு 30 நிமிடம், போக வர 15 நிமிடம். ஒரு மாலைக்கு நான்கு வீட்டுக்கு மேல் முடியாது. மூன்று மாலை போனால் வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வீடு. நாற்பது குடும்பத்தை ஒரு மாதத்தில் ஒரு சுற்று முடிக்கலாம். எண்பது குடும்பம் என்றால் இரண்டு மாதம். இந்தச் சுற்றைத் தொடர்ந்து மூன்று முறை ஓட்ட முடியாத நிலையில் வெளி வேலை தொடங்கினால், ஆறாவது மாதத்தில் சபைக்குள் முணுமுணுப்பு வரும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல சேவை செய்தாலும் "வீட்டை விட்டுட்டு ஊரைப் பார்க்கிறார்" என்றுதான் பேச்சு இருக்கும்.

2. ஊரை நடந்து பாருங்கள்

ஏற்கெனவே நடப்பதை மறுபடி செய்வது பெரிய வீண். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டே மாநிலம் முழுக்க விரிந்துவிட்டது. ஆகவே பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு என்று நீங்கள் இறங்க வேண்டியதில்லை. பள்ளி விட்டு வந்த பிறகு, அப்பா அம்மா வேலை முடித்து வரும் வரையிலான நேரம்தான் காலியாகக் கிடக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீடு தேடிக் கொடுக்க 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. உங்கள் தெருவில் யாருடைய பெயர் அதில் விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சேர்த்துவிடுவது செலவே இல்லாத சேவை. முதியோர் ஓய்வூதியத்துக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கக் கூடப் போய் உட்காருவதும் அப்படித்தான்.

செட்டிநாட்டுக்கே உரிய தேவை ஒன்று உண்டு. பெரிய வீடு, உள்ளே ஒன்றிரண்டு வயதானவர்கள், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. பணம் வரும், மருத்துவமனைக்குக் கூடப் போக ஆள் இருக்காது. இந்தத் தனிமைக்குச் சாதி மதம் கிடையாது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இது கொடையைப் பார்த்துப் பழகிய மண். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த ஊர் காரைக்குடி. ஐம்பது சேலை கொடுத்துவிட்டு ஒலிபெருக்கியில் சொல்லி, பிளக்ஸ் கட்டிப் படம் எடுத்தால் ஊர் சிரிக்கும்.

3. ஒரே ஒரு வேலை

கமிட்டியில் பட்டியல் போட்டால் பத்து யோசனை வரும். ஒன்றை எடுங்கள். தேர்ந்தெடுக்க மூன்று கேள்வி போதும். போதகர் ஊரில் இல்லாத வாரத்திலும் இது நடக்குமா? சபையில் இதைச் சொந்த வேலையாக எடுத்துக்கொள்ள இரண்டு பேர் உண்டா? ஒரு வருடச் செலவு இப்போதே தெரியுமா? மூன்றில் ஒன்றுக்கு "இல்லை" வந்தாலும் அந்த யோசனையை ஒத்திவையுங்கள்.

நாற்பது குடும்பச் சபைக்குப் பொருந்துபவை பெரும்பாலும் மூன்றுதான்: மாலைப் படிப்பு, முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, வருடத்துக்கு ஒரு கண் முகாம். தினசரி அன்னதானம், முதியோர் இல்லம், தொழிற்பயிற்சி மையம் எல்லாம் இந்த அளவுச் சபையை விழுங்கிவிடும். யாராவது வெளியூர்க்காரர் "பணம் நான் தருகிறேன்" என்று சொன்னாலும் ஏமாறாதீர்கள். பணத்துக்கு முன்னால் தீர்ந்துபோவது ஆள்.

4. இடம்

சபைக் கட்டடத்துக்குள்ளேயே மாலைப் படிப்பு நடத்தினால் வாடகை மிச்சம். ஆனால் மற்ற வீட்டுப் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள். அனுப்பினாலும் அக்கம்பக்கம் கேள்வி கேட்கும். சமுதாயக் கூடம் கிடைக்குமா என்று பேரூராட்சி அலுவலகத்திலோ ஊராட்சித் தலைவரிடமோ எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல் அனுமதி, தலைவர் மாறினால் போய்விடும்.

பழைய வீட்டின் முகப்பையோ பட்டாலையையோ (கூடத்தையோ) வாடகைக்கு எடுக்க ஆசை வரும். அங்கேதான் பெரிய பொறி. இந்த வீடுகள் பலவற்றுக்குப் பங்காளிகள் பத்து, பதினைந்து பேர். ஒருவர் சாவி வைத்திருப்பார், இன்னொருவர் மலேசியாவில் இருப்பார். சாவி வைத்திருப்பவரிடம் மட்டும் ஒப்பந்தம் போட்டால், திருவிழாவுக்கோ படைப்புக்கோ (முன்னோர் வழிபாட்டுக்கோ) எல்லோரும் கூடும்போது "யாரைக் கேட்டு விட்டாய்" என்று வெடிக்கும். மற்ற பங்காளிகளின் சம்மதக் கடிதத்தைக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் சின்னக் கடையின் மாடியே மேல். ஒப்பந்தம் 11 மாதத்துக்கு, மின்கட்டணம் யார் கட்டுவது என்ற வரியோடு.

5. பணமும் காகிதமும்

இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்காதீர்கள். சபைகள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

முதலில், நீங்கள் ஒரு பேராயத்துக்குக் கீழே இருந்தால் தனி அறக்கட்டளை தொடங்கும் முன் அங்கே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். தன்னிச்சையான சபை என்றால் முடிவு கமிட்டியுடையது.

சிறிய அளவில், சபைப் பணத்திலிருந்தே செலவழிப்பதாக இருந்தால், புதிய பதிவு எதுவும் வேண்டாம். கணக்கில் தனித் தலைப்பு, தனி ரசீதுப் புத்தகம், கமிட்டித் தீர்மானம் போதும். வெளியாரிடம் நன்கொடை கேட்கத் தொடங்கும் நாளில்தான் தனி அமைப்பு வேண்டும். இரண்டு வழி: பொது அறக்கட்டளைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது, அல்லது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் குறைந்தது 7 பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதிவது. சங்கத்துக்கு ஆண்டுதோறும் பொதுக்குழுவும் கணக்குத் தாக்கலும் உண்டு. இரண்டு வருடம் விட்டுவிட்டால் சரிசெய்ய அலைய வேண்டும். ஒழுங்காக எழுதி வைக்கும் செயலாளர் இல்லாத சபைக்கு அறக்கட்டளையே வசதி.

எடுத்துப்போக வேண்டியவை: அறங்காவலர்களின் ஆதார், பேன் (வருமான வரிக் கணக்கு எண்) அட்டை, புகைப்படம், இரண்டு சாட்சிகள், அலுவலக முகவரிக்குச் சொத்துவரி ரசீதும் உரிமையாளரின் சம்மதக் கடிதமும். பிறகு அமைப்பின் பெயரில் பேன், அதன்பின் வங்கிக் கணக்கு, அதன்பின் வருமான வரிப் பதிவு இரண்டு: அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் 12ஏபி, நன்கொடையாளருக்கு வரிக் கழிவு தரும் 80ஜி. முதலில் கிடைப்பது மூன்றாண்டுக்கான தற்காலிகப் பதிவு. வேலை தொடங்கிய ஆறு மாதத்துக்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சட்டப் பிரிவுகளும் படிவ எண்களும் மாறிக்கொண்டிருப்பதால் இந்த வேலையை ஆடிட்டரிடம் விடுங்கள். கட்டணத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சேவைக்கு ஏன் தனி அமைப்பு என்று கமிட்டியில் கேட்பார்கள். இரண்டு காரணம் சொல்லுங்கள். 80ஜி சலுகை தர்ம காரியத்துக்கு உரியது. அந்த அமைப்பின் வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் மத காரியத்துக்குப் போனால் சலுகை போய்விடும். அடுத்தது காணிக்கைப் பெட்டி. பெயர் தெரியாத காணிக்கை, முழுக்க மத அமைப்பாக இருக்கும் சபைக்குப் பிரச்சினை இல்லை. அதே பணம் தர்ம அறக்கட்டளைக்குள் வந்தால் ஒரு வரம்புக்கு மேல் 30 சதவீத வரி. ஆக, சேவை அறக்கட்டளையின் பெயரில் உண்டியல் வைக்காதீர்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் பெயர், முகவரி, பேன் எண்ணோடு ரசீது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பவருக்கு 80ஜி கழிவு கிடையாது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ தரச் சொல்லுங்கள். நன்கொடையாளர் பட்டியலை ஆண்டுதோறும் மே 31க்குள் வருமான வரித் துறைக்கு ஏற்ற வேண்டும்.

இனி வெளிநாட்டுப் பணம். இந்தப் பகுதியில் இது வராமல் இருக்காது. இந்தியக் கடவுச்சீட்டோடு சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சபைப் பிள்ளை, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கடவுச்சீட்டு நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அவருடைய அண்ணன் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் என்றால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அந்தப் பதிவுக்கு மூன்றாண்டு அனுபவமும் அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய்ச் சேவைச் செலவும் காட்ட வேண்டும். பணம் டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்கும். "என் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுகிறேன், அப்புறம் எடுத்துத் தர்றேன்" என்று ஒரு நல்ல மனிதர் முன்வருவார். போதகரோ பொருளாளரோ இதற்குத் தலையாட்டினால் வழக்கு அவர்கள் தலையில்தான்.

6. மாலைப் படிப்பு: மாதக் கணக்கு

சபையின் மாதக் காணிக்கை 60,000 ரூபாய், அதில் பத்தில் ஒன்று வெளி வேலைக்கு என்று கமிட்டி தீர்மானித்தால் 6,000 ரூபாய். 25 பிள்ளைகளுக்கு அதில் என்ன முடியும்?

சுண்டலுக்கு ஒரு நாளைக்குக் கொண்டைக்கடலை 1 கிலோ. ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் வரும்; பிள்ளைக்கு 80 கிராம். கடலை, எண்ணெய், தேங்காய், எரிவாயு சேர்த்து நாளுக்கு 150 ரூபாய் என்று வையுங்கள். சொல்லிக் கொடுப்பவருக்கு வாரம் மூன்று நாளுக்கு மாதம் 3,000. நோட்டு, சாக்பீஸ், விளக்குக்கு 500. மாதம் 13 நாள் நடத்தினால் மொத்தம் 5,450. வாரம் ஐந்து நாள் என்றால் 22 நாளுக்குச் சுண்டல் மட்டும் 3,300, சொல்லிக் கொடுப்பவருக்கு 5,000, எட்டாயிரத்தைத் தாண்டிவிடும். திங்கள், செவ்வாய், வியாழனோடு நிறுத்துங்கள். புதன் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கும் வெள்ளி உபவாச ஜெபத்துக்கும் இருக்கட்டும். சம்பளம் வேண்டாம், ஊழியமாகச் செய்கிறேன் என்று ஆசிரியர் சொன்னாலும் கொடுங்கள். சும்மா வருபவரிடம் "நேற்று ஏன் வரவில்லை" என்று கேட்க வாய் வராது.

கடலையை முந்தைய இரவே ஊறப்போட்டு, அதே தண்ணீரில் மாலை வரை விட்டால் கோடையில் புளித்துவிடும். காலையில் தண்ணீரை மாற்றுங்கள். மறந்துபோன நாளுக்குப் பாசிப்பயறு கை இருப்பில் இருக்கட்டும். வழக்கமாக உணவு கொடுப்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு தேவை; இணையத்தில் செய்யலாம், கட்டணம் பெரிதில்லை.

தொடங்க நல்ல மாதம் ஜூன், பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்து. பொதுத்தேர்வு நெருங்கும் ஜனவரியில் தொடங்கினால் பத்தாம் வகுப்புக்காரர்கள் மட்டும் வந்து, ஏப்ரலில் காலியாகிவிடும்.

பிள்ளைகள் பாதுகாப்பில் சலுகையே வேண்டாம். எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். கதவு திறந்தே இருக்க வேண்டும். ஒரு பிள்ளையைத் தனியாக எந்த அறைக்கும் அழைத்துப் போகக் கூடாது, போதகராக இருந்தாலும். பெற்றோர் கையெழுத்திட்ட சேர்க்கைப் படிவம், கூட்டிப்போக வருபவர் பெயர், சுவரில் சிறார் உதவி எண் 1098. பாலியல் தொல்லை பற்றி ஒரு பிள்ளை வாய்திறந்தால் கமிட்டி கூட்டி விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைப்பது குற்றம். "சபைப் பெயர் கெட்டுவிடும்" என்று இழுப்பவர் கமிட்டியில் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

7. கண் முகாம்

வருடத்துக்கு ஒரு நாள் என்பதால் சபைக்குச் சுமை குறைவு. மதுரை அரவிந்த் போன்ற மருத்துவமனைகள் மருத்துவக் குழுவோடு வருவார்கள். விளம்பரம், இடம், தொண்டர்கள், குழுவுக்குச் சாப்பாடு உங்கள் பொறுப்பு. அரசு அனுமதிக் கடிதம் யார் வாங்குவது என்பதை முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள். மூன்று மாதத்துக்கு முன்பே நாள் கேட்க வேண்டும்.

நாள் பார்ப்பதில்தான் சூட்சுமம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. தை 3ஆம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு; தைப்பூசத்தை ஒட்டிக் காவடிகள் பழநிக்கு நடந்துகொண்டிருக்கும். மாசி பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழா. சித்திரை வெயிலில் முதியவர்களை வரிசையில் நிறுத்த முடியாது. மிஞ்சுவதில் வசதியானவை ஆனியும் ஆடியும். ஆடியில் கல்யாணம் இல்லாததால் மண்டபங்கள் சும்மா கிடக்கும். வாடகையையும் பேசிக் குறைக்கலாம்.

மருத்துவக் குழுவுக்குப் பெரும்பாலும் ஞாயிறுதான் ஒத்துவரும். அன்று ஆராதனையை ரத்து செய்யாதீர்கள். காலை 6 மணிக்கு ஒரு மணி நேர ஆராதனை, 7.30க்கு முகாம். இதை மூன்று வாரம் முன்பே அறிவியுங்கள். வயதானவர்களுக்கு ஆறு மணி கஷ்டம் என்றால் மாலையில் இன்னொரு சிறிய ஆராதனை.

பார்வைப் பரிசோதனைக்கு நேராக 20 அடி நீளம் வேண்டும். ஒரு இருட்டறை, 50 நாற்காலி, குடிநீர், கழிப்பறை, பதினைந்து தொண்டர்கள். அறுவைச் சிகிச்சைக்குத் தேர்வாகிறவர்கள் அன்றே வண்டி ஏற வேண்டியிருக்கலாம் என்பதை நோட்டீசிலேயே போடுங்கள்: மாற்றுத்துணி, ஆதார் நகல், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, வீட்டாரின் சம்மதம். போடாவிட்டால் பாதிப் பேர் "வீட்டுல கேட்டுட்டு வர்றேன்" என்று போய்விடுவார்கள். திரும்ப வருவது அபூர்வம்.

முகாம் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். சபையின் உண்மையான வேலை அதற்குப் பிறகுதான்: அறுவை முடிந்து வந்தவர் தனியாக இருந்தால் முதல் வாரம் சொட்டு மருந்து போட ஒருவர், மறுபரிசோதனைக்கு அழைத்துப் போக ஒருவர். ஒன்றாம் படியில் எழுதிய நோட்டை எடுங்கள்.

8. எதைச் செய்யக் கூடாது

சேவை நடக்கும் இடத்தில் துண்டுப் பிரசுரம், வேதாகம விநியோகம், சாட்சி சொல்லச் சொல்வது எதுவும் வேண்டாம். யாராவது தாமே வந்து "எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றால் செய்யுங்கள். ஓய்வுநாள் பள்ளியும் விடுமுறை வேதாகமப் பள்ளியும் வேறு நாளில், வேறு பெயரில், பெற்றோருக்கு என்னவென்று சொல்லி நடக்கட்டும். இதில் சபைக்குள்ளேயே எதிர்ப்பு வரும், "சுவிசேஷம் சொல்லாத சேவை எதுக்கு?" என்பார்கள். நேர்மையான கேள்விதான். சாப்பாட்டையும் மருந்தையும் தூண்டிலாகக் காட்டிச் சொல்லும் சுவிசேஷத்தை ஊர் நம்பாது என்பதே பதில். இந்த விதிகளைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். வெளியிலிருந்து புகார் வந்தால் காட்டவும் அது உதவும்.

தொடங்கும் முன் வார்டு உறுப்பினர், பள்ளித் தலைமை ஆசிரியர், பக்கத்துக் கோயில் நிர்வாகி, ஜமாத் பெரியவர் நால்வரையும் நேரில் பாருங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் துறை அனுமதி தேவை. இரவு 10 முதல் காலை 6 வரை கிடையாது. ஆகவே காலை 6 மணி ஆராதனையில் முதல் பாட்டு ஒலிபெருக்கி இல்லாமலே போகட்டும்.

9. போதகரின் வாரம்

வெளி வேலைக்குப் போதகர் தரக்கூடியது வாரத்துக்கு ஆறு மணி நேரம். அதற்கு மேல் போனால் முதலில் குறைவது பிரசங்க ஆயத்தம். அடுத்தது மருத்துவமனைச் சந்திப்பு. சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குப் பிரசங்கம் எழுதத் தொடங்குகிறீர்கள் என்றால் வரம்பு தாண்டிவிட்டது. சாவி, சுண்டல், வருகைப் பதிவு எதுவும் போதகர் கையில் இருக்கக் கூடாது. ரசீதுப் புத்தகம் நிச்சயமாகக் கூடாது.

பெண்கள் சங்கத்தையும் பாருங்கள். ஆராதனை மலர் அலங்காரம், அறுப்பின் பண்டிகைச் சமையல், சுண்டல், முகாம் சாப்பாடு எல்லாம் அதே ஆறு பேர் தலையில் விழும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சமையலுக்கு மாத முறை போட்டு, அதில் ஆண்களின் பெயரையும் எழுதுங்கள்.

10. ஆறு மாதத்துக்கு ஒரு முறை

கமிட்டியில் நான்கு எண்களை மட்டும் வையுங்கள்: சந்தித்த குடும்பங்கள், வந்து பயன்பெற்றவர்கள், செலவு, முறை தவறாமல் வந்த தொண்டர்கள். முதல் எண் குறைந்தால் வெளி வேலையில் ஒரு நாளைக் குறையுங்கள். தொண்டர்கள் இரண்டுக்குக் கீழே போனால் கல்வியாண்டு முடிவில் நிறுத்துங்கள், நடுவில் வேண்டாம். பெற்றோருக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கும் ஒரு நாள் மாற்றல் வரும். அடுத்தவருக்கு ஒரு கோப்பு தயாராக இருக்கட்டும்: குடும்ப நோட்டு, பத்திர நகல்கள், பேன், 12ஏபி, 80ஜி ஆணைகள், அடுத்த புதுப்பிப்புத் தேதிகள், இட ஒப்பந்தம், பங்காளிகள் சம்மதக் கடிதம், சேர்க்கைப் படிவங்கள், வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்றத் தேவையான தீர்மானத்தின் வரைவு. இந்தக் கடைசித் தாள் இல்லாமல் போதகர் கிளம்பிப்போனால், புதியவர் வந்து கையெழுத்து மாறும் வரை சொல்லிக் கொடுப்பவருக்குச் சம்பளம் போகாது.